பாட்டிலா, டின்னா? மான்குர்த்தில் போடும் கணக்கு

குளிர்பானத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்குவதா, அலுமினிய டின்னிலா? மும்பை மான்குர்த்தின் மண்டாலாவில் வரிசையாக இருக்கும் பங்கார் (பழைய பொருள்) கிடங்குகளில் இந்தக் கேள்விக்கு முதல் பதில் விலைதான். எடைக்கு எடை அலுமினியத்துக்குப் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலைவிடப் பல மடங்கு காசு. அதனால் தெருவில் விழுந்த டின் அதிக நேரம் அங்கே கிடக்காது.

பாட்டிலும் விலை போகும், ஆனால் வேலை கூடுதல். மூடியும் கழுத்து வளையமும் ஒரு பிளாஸ்டிக், உடல் வேறு பிளாஸ்டிக், லேபிள் இன்னொன்று. லேபிளைக் கிழிக்க வேண்டும். நிறமில்லாததைத் தனியாக, பச்சையைத் தனியாகப் போட வேண்டும். நொறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் கொட்டினால் பெட் அடியில் தங்கும், மூடித் துண்டுகள் மிதக்கும். இப்படிச் சேரும் பெட் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகித் துணியாகிறது. அந்தத் துணி கிழிந்த பிறகு அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. டின்னை உருக்கி மறுபடி டின்னாக்கலாம்; புதிய அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும்.

ஆனால் புது அலுமினியத்தின் செலவு கொடுமையானது. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம், நம் நாட்டில் அதில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. திரும்பி வராத டின் பாட்டிலைவிட மோசம்.

உடல்நலத்தில் இரண்டுமே சுத்தமில்லை. டின்னின் உட்பூச்சில் பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் நீண்டகாலம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருள்களில் அதற்குத் தடை விதித்தது. பெட்டில் அது கிடையாது. ஆனால் வெயிலில் காய்ந்த பாட்டிலிலிருந்து ஆன்டிமனி என்ற வேதிப்பொருள் கசிவது கூடுகிறது. 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் நுண்துகள்களைக் கண்டார்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய பாட்டிலை வாங்காதீர்கள்.

குடிப்பவரின் உடல் மட்டுமா கணக்கு? டின்னை உருக்கும்போது அந்தப் பூச்சும் மையும் எரிகின்றன. ஒழுங்கான புகைபோக்கி இல்லாத சிறு உலைகளில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் தொழிலாளி. யாரும் பொறுக்காத பிளாஸ்டிக் பக்கத்திலுள்ள தேவ்னார் குப்பைமேட்டுக்குப் போகிறது. 1927 முதல் மும்பை கொட்டிவரும் இடம் அது. 2016 ஜனவரியில் அது நாள்கணக்கில் எரிந்தபோது மான்குர்த்தும் கோவண்டியும் மூச்சுத் திணறின.

பாட்டிலுக்கு முன்பணம் வைத்துத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை 2018 பிளாஸ்டிக் தடையின்போது மகாராஷ்டிரம் அறிவித்தது. அது கடைகளில் வேரூன்றவில்லை. நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் கண்ணாடி பாட்டிலுக்கு 10 ரூபாய் வைத்ததும் பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அதே 10 ரூபாயைப் பெட் பாட்டிலுக்கும் வைத்தால், டின்னைப் போலவே பாட்டிலும் தெருவில் கிடக்காது.

அதுவரை குளிர்பானத்துக்கு டின்னே என் தேர்வு. தண்ணீருக்கு வீட்டிலிருந்து எடுத்துப்போகும் ஸ்டீல் பாட்டில். அதை நிரப்பக் குழாய் வேண்டுமே என்று மான்குர்த்தின் குடிசைவாசி கேட்டால், பதில் சொல்ல வேண்டியது மாநகராட்சி.