நம் கைக்கு நாமே கூலி கொடுக்கிறோமா?

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இலாப நட்டக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். "அடக்க விலை 30 வெள்ளி, விற்ற விலை 80 வெள்ளி. இலாபம் எவ்வளவு?" என்று கேட்டேன். ஒரு சிறுமி சட்டென்று எழுந்து, "50 வெள்ளி, டீச்சர்! எங்கம்மா ரவிக்கைக்கும் அவ்வளவுதான் கிடைக்குது" என்றாள்.

அவள் தாயார் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் குடியிருப்பவர். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஆரி வேலை செய்வதில் கெட்டிக்காரர். மணி, கல், ஜரிகை நூல் எல்லாம் சேர்ந்து ஒரு ரவிக்கைக்கு 30 வெள்ளி செலவு. "வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், அம்மா?" என்று கேட்டேன். "பன்னிரண்டு மணி நேரம், டீச்சர். ராத்திரியில உட்கார்ந்து செய்யறதுதானே, அதுக்கு என்ன கணக்கு?" என்றார்.

அந்தக் கணக்குத்தான் முக்கியம், தாய்மார்களே! 50 வெள்ளியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 4 வெள்ளி 17 காசு வருகிறது. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அதில் பாதிகூட அவருக்குக் கிட்டவில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை 1954-இல் அமைத்துக் கூலிக்காகக் குரல் கொடுத்த சமூகம் நாம். பிறர் கூலியைக் குறைத்தால் கேட்கத் தெரிந்த நாம், நம் கைக்கு நாமே கூலி கொடுக்க மறந்துவிடுகிறோம்.

பன்னிரண்டு மணி நேரக் கூலி 104 வெள்ளி 64 காசு. பொருள் செலவு 30 வெள்ளியையும் கூட்டினால் ஏறத்தாழ 135 வெள்ளி. இதுதான் உண்மையான அடக்க விலை. "அவ்வளவு சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டார் வாங்கமாட்டார்கள். அவர்களுக்குக் கைப்பகுதியில் மட்டும் பூவேலை செய்து, நேரத்தைக் குறைத்து, விலையையும் குறைத்துக் கொடுக்கலாம். நிறைந்த வேலைப்பாட்டை ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் உள்ள கல்யாண வீட்டார் தேடுவார்கள். அவர்களிடம் நம்மை அழைத்துப் போவது நம் கையிலிருக்கும் திறன்பேசி.

காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், வெள்ளைத் துணியின் மேல் ரவிக்கையை விரித்துப் படம் எடுங்கள். விலையையும் எத்தனை நாளில் முடியும் என்பதையும் சேர்த்து எழுதி வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். 2019 முதல் புழக்கத்தில் உள்ள டுயிட்நவ் கியூஆர் அட்டையை வங்கி வழியாகப் பெறலாம். பணம் நேரே கணக்கில் சேரும். ஆனால், "பணம் போட்டுவிட்டேன்" என்று யாராவது ரசீதுப் படம் அனுப்பினால் அதை மட்டும் நம்பாதீர்கள். கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள்.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்க 'நாடி' எனப்படும் சமூக இணைய மையங்கள் நாடெங்கும் 1,000-க்கு மேல் இருக்கின்றன. அருகில் எங்கே உள்ளது என்று பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவுப் பத்திரம் இருந்தால் கடனுதவிக்குப் போகும்போது பேச்சுக்கு மதிப்பு உண்டு. 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார், ஏழைக் குடும்பங்களுக்குப் பிணை கேட்காமல் சிறுகடன் கொடுத்து வருகிறது. இந்தியப் பெண்களுக்கென்றே 2024-இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கிப் 'பெண்' என்னும் திட்டத்தையும் அது தொடங்கியது. தெக்குன் அமைப்பிலும் இந்தியர்களுக்கென 'ஸ்புமி' கடன் உண்டு.

ஆனால் ஒன்று. அடக்க விலை தெரியாமல் கடன் வாங்கினால், அந்தக் கடன் நட்டத்தைத்தான் வளர்க்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பொருள் செலவு, வேலை நேரம், விற்ற விலை என்று மூன்று கோடு போடுங்கள். எழுத நேரமில்லையா? பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுங்கள்.

அந்தச் சிறுமியின் வீட்டில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. போன வாரம் அதைக் கொண்டுவந்து காட்டினாள். நடுக்கோட்டுக்கு மேலே தன் கையெழுத்தில் "அம்மா சம்பளம்" என்று எழுதியிருந்தாள்.