இருத்தல்: முல்லைத் திணையும் இன்றைய கதைவிளையாட்டும்

தலைவனைப் பிரிந்த தலைவியின் நிலையை நம் அகப்பொருள் நூலார் ஒன்றாக வைத்து எண்ணவில்லை. அவன் வருவதாகக் குறித்துச் சென்ற பருவத்தை நம்பி ஆற்றியிருத்தல் முல்லை. நம்பிக்கை தளர்ந்து வருந்துதல் நெய்தல். முல்லைக்குக் கார் என்னும் பெரும்பொழுது வரையறுக்கப்பட்டுள்ளது. நெய்தலுக்கோ ஆறு பெரும்பொழுதும் உரியன என்பர். நாள் குறித்த காத்திருப்புக்கும் நாள் குறியாக் காத்திருப்புக்கும் உள்ள வேறுபாடே இதுவாகும்.

இருத்தல் என்னும் உரிப்பொருளை மாணாக்கர் மனப்பாடம் செய்து எழுதிவிடுகின்றனர். அவ்வுணர்ச்சி தமக்கும் உரியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், பள்ளி விட்டதும் அவர்கள் தம்முள் ஆவலோடு பேசிக்கொள்வது பெரும்பாலும் இருத்தலைப் பற்றியதே: விளையாட்டுத் தொடர் ஒன்றின் அடுத்த பகுதி எப்போது வரும் என்பதே அப்பேச்சு.

இவற்றுள் வேடம் ஏற்று ஆடும் கதைவிளையாட்டு என்பது ஒரு வகை. ஆடுபவன் கற்பனை நாடொன்றில் வீரனாகப் புகுந்து, ஊர் ஊராய்ச் சென்று, துணைவரைச் சேர்த்து, பகையை வென்று கதையை நடத்துகிறான். அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு இதற்கு வழிகாட்டியது. அது மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பகடையும் கொண்டு ஆடப்பட்டது. பின்னர் இம்முறை கணினிக்கும் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் கருவிகளுக்கும் பரவியது.

ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27-இல் தொடங்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ இவ்வகையில் புகழ்பெற்ற தொடராகும். கதையமைப்பு யூஜி ஹோரீ. ஓவியம் அகிரா தோரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. இதன் மூன்றாம் பகுதி 1988 பிப்ரவரி 10, புதன்கிழமையன்று விற்பனைக்கு வந்தது. கடை வாயில்களில் நீண்ட வரிசைகள் நின்றன. முதல் நாளிலேயே பத்து இலட்சம் படிகள் விற்றன என்பர். பள்ளிக்குச் செல்லாமல் வரிசையில் நின்ற மாணவர் பலரைக் காவலர் பிடித்தனர். இதன் பின்னர், பள்ளி நாளில் இவ்விளையாட்டை விற்கலாகாது என ஜப்பான் அரசு சட்டம் இயற்றியதாக ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. அது வெறுங்கதை. அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அடுத்த பகுதியாகிய நான்காவது, 1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமையன்று வெளிவந்தது. மாணவரின் ஆவலைத் தடுக்க ஒருவரும் முயலவில்லை. விற்பனை நாள் விடுமுறைக்கு மாறியது, அவ்வளவே.

இவ்வளவு ஆவல் எங்கிருந்து பிறக்கிறது? இத்தொடரின் தலைவன் பெரும்பாலும் வாய் திறந்து பேசுவதில்லை. அவனுக்குப் பெயரிடுபவனும் ஆடுபவனே. ஆகவே ஒவ்வொரு சிறுவனும் தன் பெயரையே சூட்டிக் கதைக்குள் நுழைகிறான். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். பெயரில்லாத் தலைவியின் இடத்தில் எவரும் தம்மை வைத்து உணரலாம். நம் இலக்கணம் அன்றே கண்ட உண்மையை இன்றைய விளையாட்டுக்காரர் தம் வழியிற் கண்டுள்ளனர்.

தமிழ் வாசகர்க்கும் இக்காத்திருப்பு புதிதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. ஒவ்வோர் இதழும் ஒரு முடிச்சுடன் நின்றது. அடுத்த இதழுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே அது முல்லைக் காத்திருப்பு. அந்த இடைவெளியில் வந்தியத்தேவனின் கதி என்ன என்று வாசகர் தம்முள் வாதிட்டனர். கதை முடிந்தபின்னும் பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று அவர்கள் கேட்க, கல்கி முடிவுரை எழுதி விளக்க வேண்டியதாயிற்று. தமிழில் நெடுங்கதை படிக்கும் பழக்கத்தை வளர்த்ததில் கதைக்கு உள்ள பங்கு, இதழுக்கும் இதழுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கும் உண்டு.

நாள் குறியாத காத்திருப்பின் இயல்பு வேறு. ‘டிராகன் குவெஸ்ட்’ தொடரின் பன்னிரண்டாம் பகுதி, அதன் முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவு நாளாகிய 2021 மே 27-இல் பெயரளவில் அறிவிக்கப்பட்டது. வெளியீட்டு நாள் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் சுகியாமாவும், 2024 மார்ச்சில் தோரியாமாவும் மறைந்தனர். அன்பர்களின் பேச்சில் ஆவலோடு இரங்கலும் கலந்தது. இத்தகைய காலத்தில் வதந்திகள் பெருகும்: இன்ன மாதம் வரும் என்பார் ஒருவர், இல்லை என மறுப்பார் மற்றொருவர். குறுந்தொகையில் கொன்றை பூத்தது கண்டு கலங்கிய தலைவியிடம், இது கார் அன்று, பருவமல்லா மழையைக் கண்டு மரம் ஏமாந்தது என்று தேற்றும் தோழியை நாம் அறிவோம். வதந்தியை நம்பி ஏமாறும் மாணவனுக்கு அக்கொன்றையை விளக்கப் பொழிப்புரை வேண்டுவதில்லை.

விளையாட்டால் தூக்கமும் படிப்பும் கெடுமாயின் அதனைக் கண்டிப்பது பெற்றோர், ஆசிரியர் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் காத்திருக்கும் உணர்ச்சியையே இழிவாகப் பேசுவோமாயின், முல்லையைக் கற்பிக்கும் கருவியை நாமே எறிந்தவர்கள் ஆவோம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற நகரத்துப் பள்ளியாயினும் தோட்டப் பள்ளியாயினும் ஆசிரியர் செய்யக்கூடியவை இரண்டு. முல்லைப் பாடத்தைத் தொடங்குமுன், “நீ எதற்காகக் காத்திருக்கிறாய்? அது வரும் நாள் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டு, விடையைப் பத்து வரியில் எழுதச் செய்க. நாள் தெரிந்தவன் எழுதியதையும் தெரியாதவன் எழுதியதையும் அருகருகே வைத்துப் படித்தால், முல்லையும் நெய்தலும் தாமே விளங்கும். அடுத்து, வாரம் ஒருநாள் கதை வகுப்பு என வரையறுத்து, நல்ல தமிழ்க்கதை ஒன்றை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்துக. மீதியை இன்ன கிழமை சொல்வேன் என உறுதி கூறி, அக்கிழமை தவறாது சொல்லுக. தவணை பொய்த்தால் மாணவன் கேட்பதை விட்டுவிடுவான். அது பொய்க்காத வகுப்பில், அடுத்த கிழமைக்கு முன்பே மீதியைத் தானே படித்து முடித்து வருபவன் ஒருவனாவது இருப்பான்.