அளவுகோல் யாருடையது?

'மூக்கறுபட்டான்' என்றால் மானம் இழந்தான் என்று பொருள், நம் ஊர் வழக்கில். மானத்தைக் காத்துக் கொள்வதற்காகவே காசு கொடுத்து மூக்கை அறுத்துக் கொண்டவர்கள் உண்டு என்றால் தோழர்கள் நம்புவார்களா?

1898-ல் பெர்லின் நகரில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர், மருத்துவச் சங்கத்தின் முன் நின்று, ஒருவரது பெரிய மூக்கைத் தாம் சிறிதாக்கிய விவரத்தை எடுத்துரைத்தார். வந்தவர் நிலபுலன் உள்ளவர். ஆனால் வெளியே போனால் எல்லோரும் மூக்கையே பார்க்கிறார்கள் என்று மனம் நொந்து கிடந்தவர். அறுவைக்குப் பின் அந்தச் சோர்வு நீங்கியது. மனநோவைத் தீர்ப்பதும் மருத்துவமே என்று வாதாடினார் ஜோசப். அந்த வாதத்தை நாம் தள்ளவில்லை.

ஜோசப் யூதர். முகத்தைப் பார்த்தே 'யூதர்' என்று ஒதுக்கப்பட்ட மக்களில் பலர் அவரைத் தேடி வந்தனர். அறுத்துக் கொண்டவரை ஏச நமக்கு உரிமை ஏது? மூக்கைப் பார்த்துக் கதவைச் சாத்தினானே, அவனையல்லவா கேட்க வேண்டும்! முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் தந்தவர் அதே ஜோசப். 1933-ல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அந்தக் கைத்திறனையா பார்த்தார்கள்? பிறப்பைப் பார்த்தார்கள். யூத மருத்துவர்களைத் தொழிலிலிருந்தே விரட்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ஜோசப் மறைந்தார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நகைச்சுவை நடிகை ஃபேனி பிரைஸ் 1923-ல் தம் மூக்கைத் திருத்திக் கொண்டார். அவர் வரலாற்றையே 1968-ல் படமாக எடுத்தபோது அவராக நடித்தவர் பார்பரா ஸ்ட்ரைசாண்ட். மூக்கை மாற்றிக் கொள்ளச் சொன்னவர்களுக்கு மறுப்புச் சொன்னவர்! அந்த மூக்கோடேயே 1969-ல் ஆஸ்கார் பரிசையும் வாங்கினார்.

எந்த மூக்கு சரியான மூக்கு? மூக்கின் அகலம் இரு கண்களின் உள்மூலைகளுக்கு இடைப்பட்ட அகலமே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஓவியர்கள் என்றோ எழுதி வைத்த கணக்கு, மருத்துவ நூல்களிலும் குடியேறியது. பின்னர் அளந்து பார்த்தபோது, வெள்ளையரிலேயே பலருக்கு அது பொருந்தவில்லை! அப்படியிருக்க, ஆப்பிரிக்கர் முகத்தையும் அரபியர் முகத்தையும் அந்தக் கோலால் அளப்பது என்ன நியாயம்?

நியாயம் கிடக்கட்டும், தொழில் முறையிலும் அது தவறு. பழைய முறை, குருத்தெலும்பைச் சீவிச் சீவிக் குறைப்பது. மேல்தோல் தடித்திருந்தால், உள்ளே குறைத்த அளவுக்கு அது சுருங்காது. கால் பிடுங்கிய பந்தலாகத் தொய்ந்து போகும். மூச்சுப் பாதையும் அடைபடும். அழகு தேடிப் போனவர் மூச்சுக்குத் திண்டாடுவார்! இன்று நல்ல அறுவை மருத்துவர்கள் குறைப்பதைவிடத் தாங்கு கொடுப்பதில்தான் கருத்தாயிருக்கிறார்கள். மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ, காதிலிருந்தோ, விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து முட்டுக் கொடுக்கிறார்கள். தண்டில் மேடு இருந்தால் அடியோடு செதுக்காமல் ஓரளவு விட்டு வைக்கிறார்கள். எது மாற வேண்டும், எது உங்கள் தாய் தந்தை தந்ததாகவே இருக்க வேண்டும் என்று முதலில் கேட்கிறார்கள்.

முழுதும் மாற்றத்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்னால்? அவர் முகம், அவர் விருப்பம். மருத்துவர் தம் கோலைத் திணிக்கக் கூடாது என்பதே நமது வாதம்.

இந்தப் பாடத்திற்கு நூலைப் புரட்டுவானேன்? ஆங்கிலேயர் படையில் மாடோட்டியாக இருந்த காவஸ்ஜி, 1792 போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கும் கையும் இழந்தார். பூனா அருகே அவருக்கு மூக்கு வைத்தவர் செங்கல் அறுக்கும் குலத்தவர். 1794-ல் லண்டன் ஏடு ஒன்று அதைப் படத்தோடு வெளியிட, அதைப் பின்பற்றி 1814-ல் அங்கே கார்ப்யூ என்ற மருத்துவர் அறுவை செய்தார். செங்கல்காரர் எந்த அளவுப் பலகையையும் கையில் எடுக்கவில்லை. அறுபட்ட இடத்தில் மெழுகை வைத்து மூக்காகப் பிடித்தார். அதைத் தட்டையாக்கி, அந்த ஆளின் நெற்றி மேலேயே வைத்துக் கோடு கிழித்தார். அந்தக் கோட்டின்படியே தோலை எடுத்தார்.