வெளியே தெரியாத வேதனை

காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறோம். கையில் கட்டுப் போட்டவரை வேலை செய்ய விடுவதில்லை. ஆனால் மாதந்தோறும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு, "ஊரில் இல்லாத வலியா உனக்கு?" என்னும் ஏச்சுத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இருக்கக்கூடும்.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகம், கருக்குழாய் முதலிய இடங்களில் வளர்வதே இந்நோய். அதனால் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. கடும் மாதவிடாய் வலி, தாம்பத்தியத்தின் போதும் மலஜலம் கழிக்கும் போதும் வேதனை, ஓயாத களைப்பு, சிலருக்குக் குழந்தைப்பேற்றில் தடை ஆகியன இதன் அடையாளங்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேர், இதனால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் எழுத்தாளர் பத்மா லட்சுமிக்கு, 13 வயதில் தொடங்கிய வலியின் காரணம் 36 வயதில்தான் தெரியவந்தது. 2009இல் அவர் டாக்டர் டாமெர் செக்கினுடன் சேர்ந்து இந்நோய்க்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். வசதி மிக்கவருக்கே இந்நிலை என்றால், நயினார்கோவில் வட்டாரத்துக் கிராமப் பெண்ணின் நிலை என்ன?

மார்க்கம் காட்டும் பரிவு

மாதவிடாய் ஓர் உபாதை என்பதைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 222ஆம் வசனம் உணர்த்துகிறது. ஹஜ் பயணத்தில் ஹைளு ஏற்பட்டு அழுத அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஆறுதல் கூறி, தவாஃப் நீங்கலான கிரியைகளைச் செய்யுமாறு வழிகாட்டினார்கள். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமது ஓயாத உதிரப்போக்கைப் பற்றி நபியவர்களிடமே கேட்டுத் தெளிவு பெற்றார்கள். அன்று வெட்கம் தடையாகவில்லை. இன்று உம்மாவிடம் சொல்லவும் மகள் தயங்குகிறாள் என்றால், அக்குறை மார்க்கத்தினுடையதன்று, நம்முடையதே.

குடும்பத்தார் கடமை

முதற்கடமை, அவள் சொல்வதை நம்புதல். "நிக்காஹ் முடிந்தால் சரியாகிவிடும், பிள்ளை பிறந்தால் போய்விடும்" என்று கூறுவதை விட்டுவிட வேண்டும். திருமணமும் பிரசவமும் இந்நோய்க்கு மருந்தல்ல. வலியை மறைத்து மணமுடித்து வைத்தால், பின்னர் பிள்ளை தாமதமாகும்போது மலடி என்னும் பழியும் அவள் தலையிலேயே விழும்.

மாமியும் நாத்தனாரும் அந்நாட்களில் அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்ளட்டும். வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் கணவர், தொலைபேசியில் பிள்ளைகளை விசாரிப்பதோடு இவளது வலியையும் விசாரிக்கட்டும். தாம்பத்தியத்தை அவள் தவிர்ப்பது வெறுப்பினால் அன்று, வேதனையினால் என்பதை அவர் உணர வேண்டும். தோழியர், விருந்துக்கு வராதவளைக் கர்வம் பிடித்தவள் என்று பேசாதிருக்கட்டும். ஹைளு அல்லாத நாட்களிலும் வலி வாட்டினால், நிற்க இயலாதவள் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. அதற்காக அவளைச் சோம்பேறி என்னலாகாது.

கைவைத்தியத்தோடும் ஓதிப்பார்ப்பதோடும் நின்றுவிடாமல் மகளிர் மருத்துவரை நாட வேண்டும். இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டுள்ளது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது. அடியோடு நீக்கும் மருந்து இன்னும் காணப்படவில்லை எனினும், வலி நிவாரணிகளும் ஹார்மோன் மாத்திரைகளும், தேவைப்படின் லேப்ராஸ்கோபி அறுவைச் சிகிச்சையும் வேதனையைத் தணிக்க உதவுகின்றன.

நம் இல்லத்துப் பெண்களின் வேதனையை உணரும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.