கப்பலேறிய தமிழரும் கல்வியின் வாயிலும்

பிறநாடு சென்று குடியேறினோருள் சிலர் விரைவில் உயர்வதையும், சிலர் தலைமுறை தலைமுறையாகத் தாழ்ந்து கிடப்பதையும் கண்டு, அவரவர் குலத்தின் குணமே காரணமென்று தீர்ப்புச் சொல்வோர் நம்மிடையே பலர். இத்தீர்ப்பு தவறென்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. நமது புதுச்சேரியே போதும்.

1873-ஆம் வருஷத்தில் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் புதுச்சேரி வக்கீல், ஐரோப்பியரைப் போல் பாதரட்சை தரித்து நியாயஸ்தலத்துள் புகுந்தாரென்று வாதாடவொட்டாமல் தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ் வரை வழக்கை நடத்தி வென்றார். பின்னர் 1881 செப்டம்பரில், குலாசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு அதற்கு வழிசெய்யும் ஆணையொன்று பிறந்தது. துறந்தவர் புதிய குடும்பப் பெயர் பூணவேண்டும். பொன்னுத்தம்பியார் பூண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்கு வாயில் என்று பொருள். ரெனோன்சான் எனப்பட்ட இத்துறந்தாருள் கிறிஸ்தவர்களும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மக்களும் மிகுதி. சாதியினால் ஒரு நன்மையும் அடையாதவர்கள் அதன் சட்டத்தை உதறத் துணிந்தது வியப்பன்று!

பிரெஞ்சு கற்ற இவர்களும் இவர்தம் மக்களும் சைகோனுக்குக் கப்பலேறினர். போலீஸிலும் சுங்கத்திலும் கச்சேரிகளிலும் அமர்ந்தனர். ஐரோப்பியருக்குரிய சம்பளத்தை உரிமையென்று கேட்டனர். ஒரு தலைமுறைக்கு முன் சேரியில் நின்றவர் மகன் உத்தியோகஸ்தனானான். அவ்வுயர்வு வேறோர் அடிமை நாட்டு மக்களை அடக்கும் வேலையால் வந்ததென்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், வாயில் திறந்தவுடன் நுழையத் தெரிந்தவர்கள் அதுவரை மந்தபுத்தியுடையோர் என்று தள்ளப்பட்டவர்களே என்பதும் உண்மை.

இனி மலேயாவைப் பாருங்கள். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற தமிழர், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்றிருந்தமையால் ரயில்வேயிலும் சர்க்கார் கச்சேரிகளிலும் குமாஸ்தாக்களாயினர். நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிச் சென்றவர் ரப்பர் மரம் சீவினர். மொழி ஒன்றே, கைப்பிடித்துப் போனது வேறு. பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டுமென்று 1923-ஆம் வருஷச் சட்டம் விதித்தது. துரைமார் கொட்டகை போட்டனர். பல இடங்களில் கிராணியோ கங்காணியோ உபாத்தியாயரானார். அப்படிப்பட்ட பள்ளியில் படித்த பிள்ளை மறுபடி பால்வாளியைத் தூக்காமல் வேறென்ன செய்யும்?

இது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. மங்களா அணைக்கட்டு 1960-களில் மீர்ப்பூரின் நிலங்களை விழுங்கியபோது, அவ்வூர்க் குடியானவர் திரள் திரளாய் இங்கிலாந்து சென்று பிராட்போர்டு முதலிய ஊர்களின் நூலாலைகளில் இராவேலை பார்த்தனர். ஆலைகள் மூடப்பட்டபோது திகைத்தனர். 1965-ஆம் வருஷக் குடியேற்றச் சட்டத்தின்பின் அமெரிக்கா சென்ற பாகிஸ்தானியருள் வைத்தியரும் எஞ்சினீயரும் பலர். வைத்தியர் மகன் வைத்தியனாவதைக் கண்டு அமெரிக்கப் பாகிஸ்தானியரை மெச்சுவதும், ஆலைக்கூலியின் மகன் பின்தங்குவதைக் கண்டு பிராட்போர்டாரை இகழ்வதும் என்ன நியாயம்? அமெரிக்கா படித்தவரைப் பொறுக்கி எடுத்தது. இங்கிலாந்து ஆலைக்கு ஆள் எடுத்தது.

மறுபடி நம் ஊருக்கே வருவோம். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டுமென்று ஏற்பட்டது. கச்சேரிப் படியேறிப் பழகிய சொல்தா குடும்பத்தார் பலர் அறிவித்தனர். அவர் பேரப்பிள்ளைகள் இன்று பிரான்ஸில் படிப்பதும் வேலை பார்ப்பதும் யாவரும் அறிந்ததே. பத்திரம் படிக்கத் தெரியாத குடியானவனுக்கு ஆறு மாதமென்ன, ஆறு வருஷமென்ன? பிரஜாவுரிமை எது என்பதைத் தேர்வது அவனவன் விருப்பம். இந்தியனாக இருப்பதில் குறைவொன்றுமில்லை. ஆனால் அவனுக்கு விருப்பம் கேட்கப்பட்டதென்ற செய்தியே எட்டவில்லையே!