51 சென்டிமீட்டர் மழை, கிராஃப்ல பூஜ்யம்: எக்ஸெல் சார்ட்டை கோடு போட்டு வரைஞ்ச கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னிக்கு எக்ஸெல். ஸ்கிப் பண்ணிடாதீங்க, எங்க ஊர் மழையில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

எனக்குக் கோலியனூர். விழுப்புரத்துல இருந்து பாண்டிச்சேரி போற வழியில, கும்பகோணம் ரோடு பிரியுற கூட்ரோடு வருமே, அந்த ஊர். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டு நகராம அங்கேயே பல மணி நேரம் உட்கார்ந்துடுச்சு. மறுநாள் காலை 8.30 மணியோட முடிஞ்ச 24 மணி நேரத்துல எங்க மாவட்டத்து மயிலத்துல பெஞ்ச மழை 51 சென்டிமீட்டர். அதாவது 510 மில்லிமீட்டர். இந்த 510ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

ஜனவரியில பெரியப்பா போன் பண்ணார். நெல்லும் போச்சு, உளுந்தும் போச்சு. அவரும் பக்கத்து ஊர்க்காரங்களும் சேர்ந்து நிவாரணத்துக்கு மனு கொடுக்கப் போறாங்க. "வெறும் நம்பரா எழுதிக் குடுத்தா யாருப்பா படிக்கிறாங்க? மழை எப்டி பெஞ்சிச்சுன்னு படமா போட்டுக் குடு"ன்னார். எங்க பக்கத்து மழைமானி நிலையங்கள் 11, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் 92 நாள். ரெண்டு நிலையத்துக்குக் கையால சார்ட் போட்டேன். மூணாவதுல கை வலிச்சுது. லேப்டாப்ல பைதான் இருக்கு, அப்புறம் எதுக்கு கை?

"பைதான்ல கிராஃப்னா மேட்பிளாட்லிப்ல படம் எடுத்து ஒட்டிட வேண்டியதுதானே"ன்னு நீங்க கேட்கலாம். ஒட்டலாம். ஆனா அது போட்டோ மாதிரி. நாளைக்கு ஒரு எண்ணைத் திருத்தினா படம் திருந்தாது. எக்ஸெல்லோட சொந்த சார்ட் அப்படியில்ல. ஒரு எக்ஸெல் ஃபைலோட எக்ஸ்டென்ஷனை ஜிப்புன்னு மாத்தித் திறந்து பாருங்க, உள்ள குட்டிக் குட்டி எக்ஸ்எம்எல் ஃபைலா இருக்கும். சார்ட்டும் அதுல ஒண்ணு. அந்த ஃபைல்ல முக்கியமா இருக்கறது செல்களோட முகவரி: "மயிலம் ஷீட், பி காலம், 2ல இருந்து 93 வரைக்கும்". எக்ஸெல் அந்த முகவரிக்குப் போய், அங்க என்ன இருக்கோ அதை வரையும். ஊர்ல டைப்பிங் சென்டர்ல ஒரு எண்ணைத் திருத்தினாலும் பார் தானா மாறிடும். நான் சென்னையில இருந்து திரும்ப அனுப்ப வேண்டியதில்ல.

கோடு ரொம்பச் சின்னதுதான். ஓப்பன்பைஎக்ஸ்எல்னு ஒரு லைப்ரரி. ஷீட்ல தேதியையும் மழையையும் எழுதுறோம். ரெஃபரன்ஸ்னு ஒண்ணு, அதுதான் மேல சொன்ன முகவரி. காலியா ஒரு பார்சார்ட் உருவாக்கி, மழைக்கான ரெஃபரன்ஸை ஆட் டேட்டாவுல, தேதிக்கானதை செட் கேட்டகரீஸ்ல குடுத்து, கடைசியா "டி2 செல்கிட்ட வை"ன்னு ஆட் சார்ட். இதை 11 தடவை சுத்த ஒரு ஃபார் லூப். புது வெர்ஷன்ல, அதாவது 3.1க்கு அப்புறம், ரெண்டு ஆக்ஸிஸுக்கும் டெலிட்டை ஃபால்ஸ்னு நாமதான் வைக்கணும். இல்லேன்னா பார் மட்டும் நிக்கும், பக்கத்துல எண்ணே இருக்காது. இதுக்கு ஒரு சாயங்காலம் போச்சு.

லூப் ஓடுச்சு, ஒரு எரர் கூட இல்ல. நான் திறந்தே பார்க்காம பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்ல தட்டிவிட்டேன்.

பத்து நிமிஷத்துல போன். "என்னாப்பா இது, மயிலத்துல புயல் அன்னிக்கு மழையே இல்லன்னு போட்டிருக்க?"

திறந்து பார்த்தா, டிசம்பர் 1ல பார் இல்ல. பூஜ்யம். மத்த நாளெல்லாம் ஒழுங்கா இருக்கு. மாவட்டமே முங்கின நாள் மட்டும் வெயில் அடிக்குது.

காரணம் நான்தான். அந்த ஒரு செல்ல மட்டும் ஆர்வக்கோளாறுல "510 மி.மீ."ன்னு அளவோட டைப் பண்ணியிருக்கேன். யூனிட் சேர்ந்ததும் அது எண் இல்ல, எழுத்து. எக்ஸெல் சார்ட் எழுத்தைப் பூஜ்யமா வரையும், எந்த எச்சரிக்கையும் குடுக்காது. சிஎஸ்வி ஃபைல்ல இருந்து பைதான் படிக்கும்போது இன்னும் மோசம், அங்க எல்லாமே எழுத்தாத்தான் வரும். ஃப்ளோட்டுக்கு மாத்தாம எழுதினா 92 நாளும் தரையோட தரையா படுத்துக்கும். கண்ணாலயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: செல்லுக்குள்ள எண் வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடது பக்கம். இப்போ என் லூப்ல எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மதிப்பும் எண்தானான்னு பார்க்கிறேன், இல்லேன்னா ஓட்டத்தை அங்கேயே நிறுத்திடுவேன்.

பதிவே வராத நாள் இதைவிடச் சிக்கல். அந்த செல்லை நன்னு விட்டா காலியா இருக்கும், சரிதான். ஆனா பார் சார்ட்ல காலியும் பூஜ்யமும் ஒரே மாதிரிதான் தெரியும். "மழை இல்ல"ங்கறதும் "தெரியல"ங்கறதும் ஒண்ணா? அந்த நாட்களை சார்ட்டுக்குக் கீழ தனியா எழுதி வச்சேன். வேற வழி எனக்குத் தோணல.

அடுத்து அளவுகோல். எக்ஸெல் ஒவ்வொரு சார்ட்டுக்கும் உயரத்தைத் தானா முடிவு பண்ணும். அதனால அதிகபட்சம் 60 மில்லிமீட்டர் பெஞ்ச ஊரோட பாரும் மயிலத்தோட 510ம் பேப்பர்ல ஒரே உயரம். கையால ரெண்டு போடும்போது கண்ணுல படல, 11 பக்கத்தையும் வரிசையா அடுக்கினப்பதான் பட்டுச்சு. ஒய் ஆக்ஸிஸோட ஸ்கேலிங்ல மின் 0, மேக்ஸ் 600ன்னு எல்லாத்துக்கும் பூட்டினேன்.

திருத்தி அனுப்பினதுக்கு பெரியப்பா இன்னொரு கேள்வி கேட்டார். "புயல் சனிக்கிழமை. நீ ஞாயித்துக்கிழமைல போட்டிருக்க?" இது நல்ல கேள்வி. வானிலைத் துறையோட ஒரு நாள் காலை 8.30க்கு ஆரம்பிச்சு மறுநாள் 8.30க்கு முடியும், அந்தக் கணக்கு முடியற தேதியில எழுதப்படும். அதனால நவம்பர் 30 பகலும் ராத்திரியும் பெஞ்சது டிசம்பர் 1ல உட்காருது. மாதவாரியா கூட்டி ஒரு சார்ட் போட்டிருந்தேன், அதுல புயல் மழை மொத்தமும் டிசம்பருக்குப் போயிடுச்சு! மனுவுல "நவம்பர் புயல்"னு எழுதியிருக்கு, கூடவே வைக்கிற படத்துல நவம்பர் சாதுவா நிக்குது. படிக்கிறவர் எதை நம்புவார்?

தேதியை ஒரு நாள் பின்னாடி தள்ள ஒரு வரி கோடு போதும். தள்ளல. அரசாங்கக் கோப்புல இருக்கிற தேதியோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க, அங்க ஒத்துப்போகணும். மாதவாரி சார்ட்டை எடுத்துட்டு, தினசரி சார்ட்டோட தலைப்புல "காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழை"ன்னு சேர்த்தேன்.

பழைய வருஷங்களோட ஒப்பிடலாம்னு ஆசை வந்துச்சு. ஆனா 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா பிரிஞ்சுது. அதுக்கு முந்தின விழுப்புரம் மாவட்ட சராசரியில அந்தப் பக்கத்து மழையும் கலந்திருக்கும். பேரு ஒண்ணு, நிலம் வேற. ரெண்டையும் ஒரே கோட்டுல இணைக்க மனசு வரல, விட்டுட்டேன்.

கடைசியா 11 பக்கம் பிரிண்ட் ஆச்சு. இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் திறந்து, டிசம்பர் 1 பாரை விரல் வச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். மனுவோட பெரியப்பா மயிலம் பக்கத்தை முதல்ல வச்சார்.