மகள் வயதுக்கு வரவில்லையா? நிக்காஹ் பேசும் முன் மருத்துவரைப் பாருங்கள்

மகளுக்கு 16 வயது. உயரம், மார்பு வளர்ச்சி எல்லாம் சரியாக இருக்கின்றன. மாதவிடாய் மட்டும் வரவில்லை. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உறவில் யாராவது சொல்வார்கள். இளவயதுத் திருமணம் இன்னும் ஓயாத தர்மபுரி போன்ற மாவட்டத்தில் இந்த வார்த்தையை நம்பி நிக்காஹ் முடிப்பவர்களும் உண்டு.

மாதவிடாய் தாமதமாகப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. அரிதான ஒரு காரணம், ஆண்ட்ரோஜன் உணர்வின்மை.

இந்தக் குழந்தையின் குரோமோசோம் ஆண்களுக்குரிய எக்ஸ்-ஒய். கருவிலேயே வயிற்றுக்குள் விரைகள் உருவாகி, ஆண்ட்ரோஜன் ஹார்மோனையும் சுரக்கின்றன. ஆனால் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி பழுதாக இருப்பதால் உடல் அதை உணர்வதில்லை. முழுமையான வகையில் பிள்ளை பெண்ணாகவே பிறக்கிறாள், பெண்ணாகவே வளர்கிறாள். பருவ வயதில் அதே ஹார்மோன் உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பும் வளர்கிறது. விரைகள் சுரக்கும் இன்னொரு ஹார்மோன் கர்ப்பப்பை உருவாவதைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் மாதவிடாய் இல்லை. அக்குளில் முடி மிகக் குறைவாக இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது பெண் பிள்ளைக்கு இரு பக்க அடிவயிற்றிலும் குடலிறக்கம் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை" என்ற பேச்சு இங்கே பொருந்தாது. பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெரும்பாலும் தாய்வழியில் வருகிறது, சிலருக்குப் புதிதாகவே தோன்றுகிறது. தாய் அதைச் சுமப்பவராக இருந்தால், எக்ஸ்-ஒய் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் உம்மாவைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் உம்மாவின் சகோதரிகளுக்கும் மகளின் சகோதரிகளுக்கும் விஷயம் தெரிய வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருக்கு இந்நிலை இருப்பதாகச் செய்திகள் வந்தன. ஒரு பெண்ணின் மருத்துவ விவரத்தை ஊரே பேசியது. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோவும் 1985-ல் பரிசோதனையில் தோற்று ஒதுக்கப்பட்டார். தன் உடல் ஆண்ட்ரோஜனை ஏற்பதில்லை என்று வாதாடி 1988-ல் மீண்டும் போட்டியிடும் உரிமை பெற்றார்.

நம் வீடுகளில் சிக்கல் வருவது திருமணத்தில்தான். இந்தப் பெண்ணால் கருத்தரிக்க முடியாது. மறைத்து முடிக்கும் நிக்காஹ் ஓராண்டுக்குள் தலாக்கிலும் பழியிலும் போய் நிற்கலாம், பழியும் அவள் மேல்தான் விழும். முதலில் மகளுக்கு வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். மணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு அவளுடைய சம்மதத்தோடு தெரிவியுங்கள், தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஃபிக்ஹு நூல்களில் குன்ஸா பற்றிய சட்டங்கள் உண்டு. வாரிசுரிமைக் கேள்வி எழுந்தால், மருத்துவ அறிக்கையோடு ஆலிமை அணுகுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். உள்ளே இருக்கும் விரைகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பருவ வயதுக்கு முன் மிகக் குறைவு. அதனால் பருவ வளர்ச்சி முடியும் வரை பெரும்பாலும் காத்திருப்பார்கள். எடுத்துவிட்டால் எலும்பு பலவீனமாகாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடர வேண்டும். உடல் ஹார்மோனை ஓரளவு உணரும் வகையில் பிறப்புறுப்பே தெளிவில்லாமல் இருக்கும். அத்தகைய குழந்தைகளுக்குப் பாலினத்தை முடிவு செய்யும் அறுவை சிகிச்சை கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றுக்குத் தமிழக அரசும் அதே ஆண்டு தடை விதித்தது.

15 வயதாகியும், அல்லது மார்பு வளரத் தொடங்கி 3 ஆண்டுகளாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து ரத்தத்தில் ஹார்மோன் அளவும் குரோமோசோமும் பார்ப்பார்கள், அதற்கு வேறு ஊருக்கு அனுப்பவும் நேரலாம். முடிவை மருத்துவர் விளக்கும்போது மகளை வெளியே உட்கார வைக்காதீர்கள்.